கோப்பு போய்ச் சேர்கிறது, எழுத்து போய்ச் சேர்கிறதா? இயங்குதளங்களுக்கு இடையிலான பரிமாற்றம் பற்றிய ஓர் ஆய்வு

ஓர் இயங்குதளத்தில் உருவான கோப்பை வேறோர் இயங்குதளம் குறையின்றித் திறக்க வேண்டும் என்றால் யார் வளைந்துகொடுப்பது? அனுப்பும் கணினியா, பெறும் கணினியா, இடையில் இருக்கும் வலையமைப்பா, கோப்பை எழுதிய மனிதரா? பொறியாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். ஒவ்வொரு விடையும் முந்தியதன் குறையொன்றைத் தீர்த்தது, கூடவே புதிய குறையொன்றையும் கொண்டுவந்தது.

அந்த விடைகளைப் பெருநகர அலுவலகத்திலிருந்து பார்ப்பதற்கும் கந்தப்பளை போன்ற ஊரிலிருந்து பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. இலங்கையின் மலையகத்தில், நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் வீதியில், தேயிலை மலைகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கும் ஊர் இது. இங்குள்ள ஒரு பாடசாலையின் வினாத்தாள் விண்டோஸ் கணினியில் தட்டச்சாகலாம், ஆசிரியரின் அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசி வழியே பரவலாம், கொமியூனிகேஷன் கடையில் பென்ட்ரைவிலிருந்து அச்சாகலாம், வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் அப்பிள் கணினியிலும் திறக்கப்படலாம். அலுவலகக் கடிதம் என்றால் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் நிற்கும்.

பொருந்தாத இரு அமைப்புகளின் சந்திப்பு இந்த மலைக்குப் புதிதல்ல. 1904இல் கந்தப்பளை வழியாக இராகலை வரை போடப்பட்ட புகையிரதப் பாதை இரண்டரை அடி அகலம். நானுஓயாவில் அது சந்தித்த பிரதான பாதையோ ஐந்தரை அடி. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது; கொழும்புக்குப் போகும் தேயிலைப் பெட்டியை நானுஓயாவில் இறக்கி மாற்றி ஏற்ற வேண்டும். 1940களில் அந்தக் குறும்பாதை மூடப்பட்டது. கணினி உலகம் கண்ட வழிகளும் ஏறத்தாழ இப்படித்தான் பிரிகின்றன: சரக்கை மாற்றி ஏற்றுவது, பாதைகளை ஒரே அகலமாக்குவது, இரண்டிலும் ஓடும் வண்டி செய்வது. ஆனால் தேயிலைப் பெட்டி கை மாறினால் உள்ளிருக்கும் தேயிலை மாறாது. கோப்பில் அந்த உறுதி கிடையாது. தமிழ்க் கோப்பில் அது நீண்ட காலம் அறவே இருக்கவில்லை.

மாற்றி ஏற்றும் வழி

1970களின் தொடக்கத்தில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இணைந்திருந்த கணினிகள் ஒன்றுக்கொன்று அந்நியமானவை. சிலவற்றின் சொல்லளவு 36 பிட், சிலவற்றினது 32 பிட். எழுத்துகளுக்கு எண் கொடுப்பதிலும் ஒற்றுமை இல்லை. 1963இல் வெளிவந்த ஆஸ்கி ஒருபுறம், ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் தன் 360 வரிசையோடு பரப்பிய எப்சிடிக் மறுபுறம். 1971 ஏப்ரலில் எம்.ஐ.டி.யிலிருந்து அபய் பூஷண் எழுதிய ஆர்.எஃப்.சி. 114 என்ற ஆவணம் இவற்றுக்கிடையே கோப்பு அனுப்பும் நெறிமுறையை முன்வைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்தவர் அவர். எஃப்.டி.பி. என்று இன்றும் நாம் சொல்வது அந்த நெறிமுறையின் வழிவந்ததே.

பூஷணின் அணுகுமுறையில் தெளிவான ஒரு கருத்து இருந்தது: இரு கணினிகளும் உள்ளே எப்படி வேண்டுமானாலும் சேமிக்கட்டும், வழியில் மட்டும் பொது வடிவம் இருந்தால் போதும். அதனால் எஃப்.டி.பி. எழுத்துக் கோப்புகளை ஒரு முறையிலும், படம், நிரல் போன்றவற்றை மாற்றமின்றி அப்படியே அனுப்ப இன்னொரு முறையிலும் கையாண்டது. குறையும் இங்கேதான் தொடங்கியது. எந்தக் கோப்புக்கு எந்த முறை என்பதைப் பயனர் அறிந்திருக்க வேண்டும். படத்தை எழுத்து முறையில் அனுப்பினால், வரிமுடிவுக் குறி என்று நினைத்து இடையிலுள்ள பைட்டுகளை மென்பொருள் மாற்றிவிடும், படம் பாழாகும்.

வரிமுடிவு சிறிய விடயமாகத் தோன்றலாம். விண்டோஸ் அதற்கு இரண்டு குறிகள் இடுகிறது, யுனிக்ஸ் வழியினர் ஒன்று இடுகிறார்கள், பழைய மக்கின்டொஷ் வேறொன்று இட்டது. விண்டோஸின் நோட்பேட் செயலி யுனிக்ஸ் வரிமுடிவைப் புரிந்துகொள்ள 2018 வரை ஆனது. அதுவரை லினக்ஸில் எழுதிய கோப்பு அதில் ஒரே நீண்ட வரியாகவே தெரிந்தது.

வலையில் பகிர்ந்துகொள்வது: சம்பாவின் பாடம்

கோப்பை அனுப்பிப் பெறுவதைவிட, மற்றக் கணினியின் வட்டையே தன் வட்டுப் போலப் பார்ப்பது வசதியானது. சன் நிறுவனம் 1984இல் என்.எஃப்.எஸ். நெறிமுறையைத் தந்து, அதன் விவரத்தையும் வெளியிட்டது. யுனிக்ஸ் உலகம் அதை ஏற்றுக்கொண்டது. தனியாள் கணினிகளின் பக்கத்தில், 1980களின் முற்பகுதியில் ஐ.பி.எம்.மின் பரி ஃபைகன்பாம் உருவாக்கிய எஸ்.எம்.பி. வளர்ந்து, பின்னர் மைக்ரோசொஃப்டின் கைக்குப் போனது. இரு உலகங்கள், இரு நெறிமுறைகள். ஒவ்வொரு தரப்பும் மற்றவர் தன் வழிக்கு வரட்டும் என்றே காத்திருந்தது.

1991 இறுதியில் கன்பராவில், அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜல் வேறு விதமாக யோசித்தார். வலையில் ஓடும் பொதிகளைக் கவனித்து, கேள்விக்கு எந்த விடை வருகிறது என்று பார்த்து, அதே விடையைத் தரும் நிரலொன்றை யுனிக்ஸில் எழுதினார். சம்பா பிறந்தது. விண்டோஸ் பயனர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எதிரில் இருப்பது லினக்ஸ் என்று அவருக்குத் தெரியவும் வேண்டியதில்லை. பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி ஒரு பாடசாலைக்கோ சிறிய அலுவலகத்துக்கோ உரிமக் கட்டணமில்லாத கோப்புச் சேவையகம் அமைப்பதை இயலச் செய்தது சம்பாதான். இந்தத் துறையில் எளியோருக்கு மிகப் பெரிய நன்மை செய்த விடை இது என்றே கருதுகிறேன்.

ஆனால் கவனித்துக் கற்பவர் எப்போதும் ஓரடி பின்னால்தான் நிற்பார். ஒவ்வொரு புதிய விண்டோஸ் பதிப்புக்குப் பிறகும் சம்பா குழு துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஆணைக்குழு 2004 மார்ச்சில் மைக்ரோசொஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, பிற சேவையகங்கள் இணைந்து இயங்கத் தேவையான விவரங்களைத் தரும்படி உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்துக்கு அந்த ஆவணங்கள் சம்பா குழுவின் கைக்கு வந்தன. பொறியியல் மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. தன் கோப்புப் பகிர்வு நெறிமுறையையே நெடுங்காலம் பேணிய அப்பிள்கூட 2013இல் எஸ்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பை முதன்மை வழியாக்கிக்கொண்டது.

இந்த வழியின் பலவீனம் 2017 மே மாதத்தில் உலகமே அறிய வெளிப்பட்டது. எஸ்.எம்.பி.யின் பழைய முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக வன்னாக்ரை என்ற பணயத் தாக்குதல் பரவியது. அதன் பிறகு புதிய விண்டோஸ் நிறுவல்களில் முதற்பதிப்பு இயல்பாகச் சேர்க்கப்படவில்லை. தேவையான முடிவுதான். ஆனால் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியையும் புதிய கணினியையும் சேர்த்து வைத்திருந்த இடங்களில் பகிர்வு தடைபட்டது. பாதுகாப்பின் விலையைப் பழைய கருவி வைத்திருப்பவரே பெரும்பாலும் செலுத்துகிறார்.

கையில் கொண்டுபோவது

இணைப்பு மெலிந்த இடங்களில் வலையமைப்பு விடைகள் பாதி வழியிலேயே நின்றுவிடும். மலைகளுக்கு நடுவே சமிக்ஞை எட்டாத தோட்டப் பிரிவுகள் உண்டு. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தோட்டப்புறப் பிள்ளைகள் பாடத்தை இறக்கிக்கொள்ளச் சமிக்ஞை கிடைக்கும் மேட்டைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அத்தகைய இடங்களில் பென்ட்ரைவ்தான் வலையமைப்பு.

பென்ட்ரைவில் எந்த வடிவில் எழுதுவது என்பது தனி வரலாறு. 1970களின் இறுதியில் நெகிழ்வட்டுக்காக எழுந்த ஃபட் முறை, அதன் எளிமையாலேயே எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவானது. ஃபட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்குள் அடங்க வேண்டும். யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்ற உரிமை விவரத்துக்கு அதில் இடமில்லை. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். வலுவானது என்றாலும் அப்பிள் கணினி அதை வாசிக்கும், இயல்பாக எழுதாது. லினக்ஸின் எக்ஸ்ட்4ஐ மற்ற இருவரும் இயல்பாக வாசிப்பதில்லை.

இடைவெளியை நிரப்ப 2006இல் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்ஃபட்டைக் கொண்டுவந்தது. 4 ஜிபி வரம்பு நீங்கியது. காப்புரிமைத் தடை நீங்க மேலும் 13 ஆண்டுகள் பிடித்தன. 2019 ஓகஸ்டில் மைக்ரோசொஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்ஸ் கருவில் சேர்க்கவும் இசைந்தது. இன்று மூன்று இயங்குதளங்களுக்கும் பொருந்தும் வட்டு வடிவம் வேண்டும் என்றால் எக்ஸ்ஃபட்டைப் பரிந்துரைப்பதே நியாயமாகத் தெரிகிறது. ஓர் எச்சரிக்கையும் தேவை. ஃபட் குடும்பத்தில் எழுதும் செயலைப் பதிவுசெய்து வைக்கும் நாட்குறிப்பு வசதி இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பகமே சிதையலாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இதைச் சிறு குறை என்று சொல்ல முடியாது.

எழுத்துக்குள் ஒளிந்த சிக்கல்

மேலே கண்ட விடைகள் எல்லாம் பைட்டுகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பவை. அந்தப் பைட்டுகள் தமிழாகத் தெரியுமா என்பது வேறு கேள்வி. என் பார்வையில் மலையகத்துக்கும் பொதுவாக இலங்கைத் தமிழருக்கும் இதுவே முதன்மையான கேள்வி. பரிமாற்றம் பற்றிய பொதுவான நூல்கள் இதைத் தொடுவதேயில்லை.

இலங்கையில் நீண்ட காலம் கோலோச்சியது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களைப் பொருத்திவைப்பது அதன் முறை. கணினியைப் பொறுத்தவரை கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். பாமினி இருக்கும் கணினியில் அது தமிழ்போலத் தோன்றும். வேறு கணினிக்கோ கைத்தொலைபேசிக்கோ போனதும் முகமூடி கழன்றுவிடும். சிங்களத்தில் எஃப்.எம். அபய போன்ற எழுத்துருக்களாலும் இதே நிலை. மும்மொழிக் கடிதமொன்று எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலப் பத்தி மட்டுமே உயிர் பிழைக்கும்.

பாமினி ஏன் அவ்வளவு பரவியது? பெரும்பாலான உருவங்களை அது எட்டுப் பிட் அட்டவணையில் ஆஸ்கி இருக்கும் கீழ்ப்பாதிக்குள்ளேயே வைத்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். அந்தப் பகுதி எல்லா இயங்குதளங்களிலும் ஒன்றே. மேல்பாதி அப்படியல்ல, விண்டோஸும் பழைய மக்கின்டொஷும் அதை வெவ்வேறாகப் பயன்படுத்தின. மேல்பாதியில் தமிழை வைத்த குறியாக்கங்கள் இரண்டுக்கும் இடையே போகும்போது சிதையும் வாய்ப்பு அதிகம். ஆக, கொள்கையளவில் மோசமான விடை நடைமுறையில் உறுதியாகப் பயணித்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் பாமினிக்காரர்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

புலம்பெயர் தமிழரும் தமிழ்நாட்டினரும் 1990களில் வேறு வழிகளைத் தேடினர். சுவிற்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் வெவ்வேறு கணினி வைத்திருந்தவர்கள் சேர்ந்து இலக்கியங்களைத் தட்டச்சிட்ட முயற்சி. பொதுக் குறியாக்கம் இல்லாமல் அது நடந்திருக்காது. டிஸ்கி என்ற எட்டுப் பிட் தரம் அந்தத் தேவைக்கு உதவியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாடு டாப், டாம் என்ற வேறு இரு தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. தரமே பலவானால் தரம் எதற்கு என்ற கேள்வி எழுந்தது இயல்பு.

யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டது. விண்டோஸ் 2000 அதைத் தாங்கத் தொடங்கிய பிறகே அது நடைமுறை விடையானது. இந்தியாவின் இஸ்கி முறையைப் பின்பற்றியதால், உயிர்மெய்க்குத் தனி எண் தராமல் மெய்யையும் குறியையும் அடுக்கி எழுதுகிறது என்ற விமர்சனம் எழுந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓரிடம் தரும் டேஸ்16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோடோடு சேர்த்து ஏற்றது. தமிழ் இலக்கணத்துக்கு அது நெருக்கமானது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் யுனிகோடின் தனிப்பயன் பகுதியில் அது அமர்ந்திருப்பதால், பெறும் கணினியில் சிறப்பு எழுத்துரு இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. பரிமாற்றம் என்ற அளவுகோலில் அது பாமினியின் பழைய சிக்கலுக்கே திரும்புகிறது. இலங்கை 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ்த் தரத்தை யுனிகோட் வழியில் அமைத்து, ரெங்கநாதன் விசைப்பலகையையும் வரையறுத்தது. சரியான தெரிவு என்று துணிந்து சொல்லலாம்.

யுனிகோட் வந்தபின் எல்லாம் தீர்ந்ததா என்றால், கோப்பின் உள்ளடக்கத்தில் பெரும்பாலும் தீர்ந்தது. கோப்பின் பெயரில் தீரவில்லை. ‘கந்தப்பளை’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோடில் அது 9 குறியீடுகள்; யு.டி.எஃப்.-8 வடிவில் ஒவ்வொன்றும் 3 பைட்டு, ஆக 27 பைட்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4இல் ஒரு பெயருக்கு 255 பைட்டுதான் வரம்பு, அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். விண்டோஸ் அதே 255ஐ வேறு அலகில் எண்ணுவதால் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளத்தை ஏற்கும். விண்டோஸில் நன்றாக இருந்த நீண்ட தமிழ்ப் பெயரை லினக்ஸ் மறுத்தால் காரணம் இதுதான். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவருக்கு இந்தச் சுவர் தெரியவே தெரியாது.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. ‘தோட்டம்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. அப்பிள் 1998 முதல் பயன்படுத்திய எச்.எஃப்.எஸ்.பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸிலும் லினக்ஸிலும் தட்டச்சாகும் பெயர்கள் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. அதனால் அப்பிள் கணினியிலிருந்து வந்த ‘தோட்டம்’ கோப்பை லினக்ஸில் பெயர் தட்டித் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஒரே பெயரில் இரு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவும் கூடும். கொட்டகலை, பொகவந்தலாவை என்று ஒகர ஓகாரம் கலந்த ஊர்ப்பெயர்கள் நிறைந்த மலையகத்துக்கு இது கற்பனைச் சிக்கல் அல்ல. அதற்குப் பதிலாக 2017இல் வந்த அப்பிளின் ஏ.பி.எஃப்.எஸ். முறை, கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. நல்ல தீர்வுதான், ஆனால் அது அப்பிளின் எல்லைக்குள் மட்டும்.

சுருக்கி அனுப்பும் ஸிப் கோப்புகளிலும் இதன் தழும்பு உண்டு. யு.டி.எஃப்.-8 பெயர்களுக்கான குறி ஸிப் விவரக்குறிப்பில் 2006இல்தான் சேர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஸிப் வசதி தமிழ்ப் பெயர்களை ஏற்க மறுத்தது. கோப்புக்கு ஆங்கிலத்திலேயே பெயர் வைக்கும் பழக்கம் தமிழர்களிடம் வேரூன்றியதற்கு இத்தகைய அனுபவங்களும் பங்களித்திருக்க வேண்டும்.

எல்லோரும் ஒரே அமைப்புக்கு மாறினால்?

இந்த விடையும் பழையதுதான். ஒரு நிறுவனம் முழுக்க ஒரே இயங்குதளத்துக்கு மாறினால் சிக்கல் மறையும் என்பார்கள். தமிழ்நாட்டில் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் 2000களின் பிற்பகுதியில் லினக்ஸ் பக்கம் திரும்பியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. உள்ளே ஒற்றுமை வரலாம். அலுவலகத்தின் வாசலைத் தாண்டியதும் பழைய கேள்வி காத்திருக்கும். அரசோ பாடசாலையோ ஒற்றுமையை வற்புறுத்த வேண்டிய இடம் இயங்குதளம் அல்ல, கோப்பின் வடிவம் என்ற கருத்து இதைவிட வலுவானது. 2006இல் ஓ.டி.எஃப்., 2008இல் பி.டி.எஃப்., அதே ஆண்டில் மைக்ரோசொஃப்டின் வடிவம் என மூன்றும் பன்னாட்டுத் தரமாகிவிட்டன. பி.டி.எஃப். எங்கும் ஒரே தோற்றம் தரும். ஆனால் பாமினியில் எழுதிய பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டினால் ஆங்கிலக் கோர்வையே கிடைக்கும், தேடினாலும் அகப்படாது. தோற்றம் மட்டும் தப்பியது, எழுத்து தப்பவில்லை.

மேகமும் கைத்தொலைபேசியும்

2008இல் ட்ரொப்பொக்ஸும் 2012இல் கூகுள் ட்ரைவும் வந்தபின் இயங்குதள வேறுபாடு பயனரின் கண்ணிலிருந்து மறைந்தது. நடுவில் நிற்கும் சேவையகம் எல்லாரோடும் பேசிக்கொள்கிறது. மலையகத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கணினி என்றாலே கைத்தொலைபேசி, பகிர்வு என்றாலே வட்ஸ்அப். எளிமையில் இதற்கு நிகர் இல்லை. விலையும் உண்டு. அறைக்குள் இருக்கும் இரு கருவிகளுக்கு இடையிலான கோப்பு கடல் தாண்டிப் போய்த் திரும்புகிறது. அனுப்பியவரும் பெறுபவரும் டேட்டாவுக்குப் பணம் கட்டுகிறார்கள். படமாக அனுப்பினால் சுருங்கித் தரம் குறைகிறது, பழைய ஆவணத்தை நிழற்படமெடுத்துப் பகிர்பவருக்கு அது பேரிழப்பு. ஆவணமாக அனுப்பினால் குறையாது என்பதைப் பலருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இன்னொரு மாற்றம் மெல்ல நடக்கிறது. கோப்பு என்ற கருத்தையே கைத்தொலைபேசிகள் மறைத்து வருகின்றன. ஐபோனில் கோப்புகளைக் காட்டும் செயலி 2017இல்தான் வந்தது. அன்ட்ரொய்டோ 2019க்குப் பின் செயலிகள் பிறவற்றின் கோப்புகளைத் தொடுவதை இறுக்கியது. அந்தரங்கத்துக்கு நல்லது. ஆனால் தன் கோப்பு எங்கே இருக்கிறது என்று அறியாத மாணவர், அதை வேறிடத்துக்கு எப்படி எடுத்துப்போவார்?

திறந்திருப்பவை

பைட்டுகளைக் கொண்டுசேர்க்கும் கேள்விக்கு இன்று போதுமான விடைகள் உண்டு என்று கொள்ளலாம். அலுவலகத்துள் எஸ்.எம்.பி.யின் புதிய பதிப்பு, கையில் எக்ஸ்ஃபட், தொலைவுக்கு மேகம். உள்ளடக்கத்தில் யுனிகோட் வென்றுவிட்டது. புதிதாகத் தட்டச்சிடும் எவருக்கும் வேறு வழியைப் பரிந்துரைக்கக் காரணம் இல்லை.

திறந்திருக்கும் கேள்விகளில் கோப்புப் பெயர் ஒன்று. ஒன்றாகத் தெரியும் இரு பெயர்களை ஒன்றாக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் இயங்குதளங்களுக்குள் உடன்பாடு இல்லை. அப்பிள் சமப்படுத்துகிறது, மற்றவர்கள் பொதுவாகக் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது அவசரமானது. பாடசாலை மலர்கள், சங்கக் கடிதங்கள், கோயில் அறிக்கைகள், சிற்றிதழ்கள் என்று பாமினியிலும் அதன் உறவினர்களிலும் தட்டச்சான கோப்புகள் பழைய வன்தட்டுகளிலும் குறுவட்டுகளிலும் கிடக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சில் வந்தவற்றைப் படமாக்கிக் காத்துவருகிறது. அச்சுக்குப் போகாத கோப்புகள் அந்த வலையில் அகப்படுவது அரிது. மாற்றிகள் இருக்கின்றன. முழுதும் தமிழாக உள்ள கோப்பை அவை ஓரளவு நம்பகமாக யுனிகோடாக்கும். தமிழும் ஆங்கிலமும் கலந்த கோப்பில், எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருந்தது என்ற குறிப்பு அழிந்திருந்தால், எது ஆங்கிலம் எது ஆங்கில வேடமிட்ட தமிழ் என்று சொல் சொல்லாக ஊகிக்க வேண்டும். இயந்திரக் கற்றல் இதில் உதவக்கூடும். ஆனால் பெயர்களிலும் தொகைகளிலும் ஒரு பிழைகூடப் பொறுக்க முடியாத ஆவணங்களுக்கு அந்த ஊகம் எவ்வளவு போதும், மனிதச் சரிபார்ப்பை யார் செய்வது, அதற்கு யார் செலவிடுவது என்பவற்றுக்கு நிறுவன அளவில் இன்னும் விடை வேண்டும்.